கடைக்கோடி வயலுக்கு ஒரு பெயர்

அபர்வென்லி
11 அக்டோபர் 1994

அன்புள்ள ஐர்லிஸ்,

இன்று காலை நான் செய்த முதல் வேலை, சதுக்கத்திலிருக்கும் பெண்கள் கழிப்பறையைத் திறந்துவிட்டது. சாவி வைத்திருக்கும் ட்ரெவோருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நகர மன்றத்தின் எழுத்தர் என்றால் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் என்றுதான் என்னை வேலைக்கு எடுத்தபோது சொன்னார்கள். கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கியது இந்தப் பூட்டைத் திறக்கத்தானா என்று நினைத்துக்கொண்டே திறந்தேன். துருப்பிடித்த பூட்டு, சுலபமாகத் திறக்கவில்லை.

நீ, மாப்பிள்ளை எல்வியோ, உன் மகள் நெஸ்டா மூவரும் நலமா? தொண்டை கரகரக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். சரியாகிவிட்டதா? நான் நலம். மழைதான் ஓயவில்லை.

நேற்று மாலை மன்றக் கூட்டம். கடற்கரையில் நாய்கள், கல்லறைத் தோட்டத்து நடைபாதைக்குச் சரளை, கிறிஸ்துமஸ் விளக்குகளில் எவை எரியும் எவை எரியாது என்பதெல்லாம் பேசி முடித்தபின் கடைசியாக ஒன்று வந்தது. நாம் ஜெபிக்கப் போகும் சேப்பலுக்குப் பின்னால் நம்முடைய புல்வயல் இருந்ததே, நாம் கடைக்கோடி என்று கூப்பிடுவோமே, அங்கே இப்போது வீடுகள் கட்டுகிறார்கள். அந்தப் புதுத் தெருவுக்கு மன்றம் ஒரு பெயர் சொல்ல வேண்டும். நான் என் காகிதத்தைப் பிரிப்பதற்குள் மேயர் எழுந்துவிட்டார். இறைச்சிக் கடை இட்வல்தான் இந்த வருட மேயர். அவர் முறை வந்திருக்கிறது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஐர்லிஸ் பேரை வெச்சிடுவோம். தேசிய விழாவுல பாடி ஜெயிச்சவ இந்த ஊருல வேற எவ இருக்கா? அன்னிக்கு நான் கடையைச் சாத்திட்டு ஓடுனவன். அவ்வளவு கறியும் கெட்டுப்போச்சு, அதைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?"

"வருஷா வருஷம் சொல்றீங்க," என்றாள் ஆல்வென் பியூ. ஆனால் அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சேப்பலில் ஆர்கன் வாசிக்கிறவள், உனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள், அவள் அழாமல் யார் அழுவார்கள்? "ஆர்கன்ல ஒக்காந்தா அந்த வயல்லேர்ந்து அவ குரல் இன்னும் எனக்குக் கேக்குது," என்றாள்.

வயலிலிருந்து அல்ல, வயலின் மதிலிலிருந்து. நீ மதில் மேல் உட்கார்ந்துதான் பாடுவாய். இதை நான் சொல்லவில்லை. கேட்டால்தான் எழுத்தர் பேச வேண்டும். 'மன்றம் இந்த யோசனையை மகிழ்ச்சியுடன் கவனத்தில் கொண்டது' என்று எழுதினேன். டிசம்பரில் முடிவு செய்வார்கள். கேட்டால் நீ சந்தோஷப்படுவாய் என்பதால் தெரிவிக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மென்னா

*

கைமான், சுபுத் பள்ளத்தாக்கு, அர்ஜென்டினா
5 நவம்பர் 1994

என் மென்னா,

நானா? தெருவா? உன் கடிதத்தை எல்வியோவுக்கு வாசித்துக் காட்டினேன். "தெரு மேல நாளெல்லாம் எல்லாரும் நடப்பாங்க, உனக்குக் கூச்சமா இருக்காதா?" என்று கேட்கிறார். நெஸ்டா ஒரு அட்டையில் என் பெயரை எழுதி சமையலறைக் கதவில் ஒட்டிவிட்டாள். நேற்று முழுக்க நான் அந்தத் தெருவில்தான் ரொட்டி சுட்டேன்.

இங்கே எல்லாரும் சுகம். வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள், பாப்லர் மரங்கள் துளிர்த்துவிட்டன. உங்களுக்கு இலை உதிரும்போது எங்களுக்குத் துளிர்க்கிறது. இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. தொண்டையைப் பற்றிக் கேட்டிருந்தாய். காற்றும் புழுதியும்தான், வேறொன்றுமில்லை. பாடகர் குழுவை இந்தப் பருவம் நெஸ்டாவிடம் விட்டுவிட்டேன். அவள் கைவீச்சு உன்னுடையது போல, ஒரு அசைவுகூட வீணில்லை. எல்வியோ வாரத்துக்கு இரண்டு தடவை வண்டியை எடுத்துக்கொண்டு ட்ரெலேயு நகரத்துக்குப் போய்வர வேண்டியிருக்கிறது, அதுதான் கொஞ்சம் அலைச்சல்.

தெரு வயலின் எந்தப் பக்கமாகப் போகிறது? மதிலை விட்டுவைத்திருக்கிறார்களா? இட்வலிடம் சரி என்று சொல்லிவிடு. அந்தக் கறிக்கான காசை நான் வரும்போது கொடுத்துவிடுகிறேன் என்றும் சொல். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ எழுதுவதே இல்லை.

முத்தங்களுடன்,
ஐர்லிஸ்

*

அபர்வென்லி
13 டிசம்பர் 1994

அன்புள்ள ஐர்லிஸ்,

அங்கே அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. நானும் நலம். முழங்கால் எப்போதும்போல இருக்கிறது.

நேற்று உன் தெரு விஷயம் வந்தது. கையைத் தூக்குமுன் இட்வல் என் பக்கம் திரும்பி, "இதுக்கு விதி கிதி ஏதாச்சும் உண்டாம்மா?" என்று கேட்டார். கேட்டதால் சொன்னேன். உயிரோடு இருப்பவர் பெயரைத் தெருவுக்கு வைப்பதில்லை என்று இந்த மன்றத்தில் தீர்மானம் இருக்கிறது.

உனக்கு நினைவிருக்கும். கடற்கரைக்குப் போகும் சந்துக்கு நம் ஆண்கள் பாடகர் குழுவை நடத்திய க்விலிம் பெயரை வைத்தார்கள். பலகையில் பெயிண்ட் காய்வதற்குள் அவர் சேப்பல் மூப்பரின் மனைவியைக் கூட்டிக்கொண்டு பர்மிங்காமுக்கு ஓடிவிட்டார். பாவம், அந்த மூப்பர் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தப் பலகைக்குக் கீழேதான் நடந்து வர வேண்டியிருந்தது. கடைசியில் ஒருநாள் விடியுமுன் பலகையைக் கழற்றினார்கள். அடுத்த கூட்டத்தில் இந்தத் தீர்மானம் போட்டார்கள். செத்தவர் யாரோடும் ஓட மாட்டார் என்பது அவர்கள் கணக்கு.

"அப்ப ஐர்லிஸ் செத்தாத்தான் வெப்போமா? இதென்னம்மா நியாயம்?" என்றார் இட்வல்.

"வாயைக் கழுவுங்க," என்றாள் ஆல்வென்.

"நானா சொல்றேன்? விதி சொல்லுது. மாத்த முடியாதா மென்னா?"

பதிவேட்டில் இருக்கிறது என்றேன். எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். சொந்தத் தங்கைக்கே விதியை வளைக்காத நேர்மை என்று ஆல்வென் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். வேறு பெயர் தேடும் வேலையை என்னிடமே விட்டிருக்கிறார்கள்.

உனக்கு ஏமாற்றமாக இருக்கும். என் கையில் ஒன்றுமில்லை.

உங்கள் எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து.

மென்னா

*

கைமான்
2 ஜனவரி 1995

என் மென்னா,

புது வருடம் உனக்கு நன்றாக இருக்கட்டும். முழங்காலுக்கு நெஸ்டா பின்னிய உறை ஒன்று இத்துடன் வருகிறது, மாட்டிக்கொள்.

க்விலிமை நான் எப்படி மறப்பேன்? உன் கடிதத்தை வாசித்துச் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இட்வலிடம் பலகை யோசனையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று சொல். அந்த விதிப்படி தகுதி பெற என்னால் முடிந்ததைச் செய்கிறேன்.

என் கையெழுத்து திருந்திவிட்டது, கவனித்தாயா? இப்போதெல்லாம் நிறைய எழுதுகிறேன். வெளியே போனால் ஒரு நோட்டு, வீட்டில் ஒரு சிலேட்டு. எல்வியோ என்னைவிட இரண்டு மடங்கு பேசுகிறார், பாவம், இத்தனை வருடம் அவருக்கு இடமே கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு நான் பாடவில்லை. சின்னவர்கள் பாடினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன், அங்கிருந்து கேட்பது வேறு மாதிரி இருக்கிறது.

நீ ஒன்று எழுதவில்லை. முதல் கூட்டத்தில் நீ ஒரு காகிதத்தைப் பிரிக்கப் போனாய் அல்லவா? அதில் என்ன பெயர் இருந்தது?

முத்தங்களுடன்,
ஐர்லிஸ்

*

அபர்வென்லி
24 ஜனவரி 1995

ஐர்லிஸ்,

உறை வந்தது. நெஸ்டாவுக்கு நன்றி. நலம்.

கேட்டாய், சொல்கிறேன். என் காகிதத்தில் இருந்தது 'கடைக்கோடி'. வேறு பெயர் தேடச் சொன்னார்கள் அல்லவா, இந்த மாதக் கூட்டத்தில் அதைத்தான் வாசித்தேன்.

"கடைக்கோடியா? வீடு வாங்க வரவன் பலகையைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவானே," என்றார் இட்வல்.

"அதைப் பாடக்கூட முடியாது," என்றாள் ஆல்வென். தெருப்பெயரை எதற்குப் பாட வேண்டும்?

அந்த வயலில் யார் நின்றது, ஐர்லிஸ்? மரப்பல் வைத்த வாரியோடு வெயிலில் புல்லை வாரிக் குவித்தது யார்? "ஐர்லிஸ் புல்தூசில நிக்கக் கூடாது, குரல் போயிடும்," என்பார் அம்மா. எனக்குக் குரல் இல்லாததால் போவதற்கு ஒன்றுமில்லை. நீ மதிலில் காலை ஆட்டிக்கொண்டு பாடுவாய். சாலையில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். வயலுக்குள் ஒருத்தி குனிந்து நிற்பது அவர்கள் கண்ணில் படாது. இன்றைக்கும் அந்த வயல் என்றால் இந்த ஊருக்கு உன் குரல்தான்.

உன் நாடும் என் நாடும் அந்தத் தீவுகளுக்காக போரில் அடித்துக்கொண்ட வருடம்தான் அம்மா இறந்துபோனார். உன்னால் வர முடியவில்லை, உன் கடிதமும் வரவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவருடைய கடைசி வாரத்தைப் பற்றி இதுவரை உனக்கு எழுதாததை இப்போது எழுதுகிறேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியா ஐர்லிஸ்? ஒரு பாட்டுப் பாடும்மா," என்றார். மறுநாளும் அதையேதான் கேட்டார். நான் பாடவில்லை. பாடியிருந்தால் அது நீ இல்லை என்று அவருக்குத் தெரிந்துபோயிருக்கும்.

பொறாமை என்று சொல்லிக்கொள். அதற்கு வேறு பெயர் தேடும் வேலையை யாரும் என்னிடம் விடவில்லை.

மென்னா

*

அபர்வென்லி
14 மார்ச் 1995

அன்புள்ள ஐர்லிஸ்,

ஏழு வாரம் ஆகிறது. தபால் தாமதம் என்று முதலில் நினைத்தேன். இப்போது, போன கடிதத்தை நான் அனுப்பியிருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். நீ நலமா?

மார்ச் முதல் தேதி, நம் புனிதர் தாவீதின் திருநாளுக்கு எப்போதும்போல சேப்பல் கூடத்தில் லீக் வெங்காயத்தண்டு போட்ட ஆட்டு சூப். ட்ரெவோர் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிவிட்டான், ஆனாலும் கழிப்பறைச் சாவி என்னிடமே இருக்கட்டும் என்கிறான். நான் பரிமாறிக்கொண்டிருந்தபோது ஆல்வென் ஒரு உறையைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். உன் அர்ஜென்டினா தபால்தலை. தபால் தாமதமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நான்கு தாள், இரண்டு பக்கமும் எழுதி.

"என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. பாட்டு விஷயம்," என்று மடித்து உள்ளே வைத்துவிட்டாள். பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. சூப்பையும் குடிக்கவில்லை.

அவளுக்கு நான்கு தாள். எனக்கு ஒரு வரி இல்லை. கழுவிவைத்த கரண்டியையே மறுபடி எடுத்துக் கழுவினேன்.

நேற்றுக் கூட்டத்தில் அந்த ஆல்வென்தான் எழுந்து, உயிரோடு இருப்பவர் பற்றிய விதியை ஒதுக்கிவைக்க வேண்டும், அதுவும் இந்த வருடமே செய்ய வேண்டும் என்றாள். "என்ன அவசரம்?" என்று இட்வல் கேட்டார். அவள் மூக்கைச் சிந்தினாள். இட்வல் என்னைப் பார்த்து, "ஒதுக்கி வெக்கலாமாம்மா? சட்டம் எடம் கொடுக்குமா?" என்றார்.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மே மாதக் கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

ஒரு வரியாவது எழுது.

மென்னா

*

கைமான்
4 ஏப்ரல் 1995

என் மென்னா,

உன் இரண்டு கடிதங்களும் கையில் இருக்கின்றன. முதல் கடிதம் வந்தபோது நாங்கள் வீட்டில் இல்லை. எல்வியோவோடு பியூனஸ் ஐரஸில் கொஞ்ச நாள் தங்க வேண்டியிருந்தது. ஊர் பெரிது, இரைச்சலும் பெரிது. திரும்பி வந்து வாய்க்கால் சத்தம் கேட்டபோதுதான் மூச்சு வந்தது. ஆல்வெனுக்கு அங்கிருந்து எழுதினேன். உனக்கு எழுத அன்று தைரியம் இல்லை. அவளுக்கு எழுதுவது சுலபம், அவள் என்னை அடித்து வளர்த்தவள்.

அம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் பலமுறை வாசித்தேன். நான் பதில் எழுதும் அளவுக்கு நல்லவள் இல்லை.

மதிலைப் பற்றி மட்டும் ஒன்று. போட்டிக்கு நான் பாடிய பாட்டின் நடை எனக்கு எப்போதும் நிற்காது, ஓடிவிடும். ஆல்வென் மேசையைத் தட்டித் தட்டிக் கை வலித்துப்போனாள். மதிலில் உட்கார்ந்த பிறகுதான் நின்றது. உன் வாரி போய் வரும் சத்தம், ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம். அதன் மேல்தான் பாடினேன். விழா மேடையிலும் கண்ணை மூடிக்கொண்டு உன் வாரியைத்தான் கேட்டேன். சாலையில் நின்றவர்கள் கேட்டது நம் இரண்டு பேரையும். அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், உன்னிடம் நான் சொல்லவில்லை. பரிசை வாங்கியபின் சொன்னால் பாதியை நீ கேட்பாய் என்று பயந்தேன். பதினெட்டு வயதுப் புத்தி.

என் பெயர் வேண்டாம். 'கடைக்கோடி' என்றே வைக்கச் சொல். ஆல்வெனுக்கும் என் பெயர் வேண்டாம் என்றுதான் எழுதினேன், அவள் சொன்ன பேச்சு கேட்கிற ஆளா?

இங்கே குளிர் தொடங்குகிறது. கழுத்துக்கு நல்ல கம்பளித் துண்டு இருக்கிறது. தேநீர்க் கடைக்காரி ஒரு சின்ன மணி கொடுத்திருக்கிறாள், ஆட்டினால் எல்வியோ ஓடி வருகிறார். ராணி மாதிரி இருக்கிறேன்.

உன் முழங்காலுக்கு முத்தம்.

ஐர்லிஸ்

*

கைமான்
6 ஏப்ரல் 1995

அன்புள்ள பெரியம்மா,

உங்களை நான் நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அம்மா இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டார் என்று தெரியும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் தொண்டையில் அறுவை செய்தார்கள். அதற்குப் பிறகு அம்மாவால் பேச முடியாது. பிப்ரவரியில் பியூனஸ் ஐரஸுக்குப் போனோம். அங்கே எல்லாம் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வசந்தத்தைப் பற்றி மருத்துவர் பேசுவதே இல்லை.

ஆல்வென் அம்மையாருக்கு மட்டும் தெரியும். "மென்னாவுக்குச் சொன்னா என் மேல கோவப்படறதை விட்டுடுவா, எனக்கு அது வேணும்," என்று அம்மா சிலேட்டில் எழுதினார். அப்பாவும் நானும் அதை வாசித்துவிட்டு வெளியே போய் நின்றோம்.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள், பெரியம்மா.

நெஸ்டா

*

அபர்வென்லி
15 மே 1995

அன்புள்ள ஐர்லிஸ்,

இன்றும் கழிப்பறையைத் திறந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். பூட்டுக்கு எண்ணெய் போட்டிருக்கிறேன், இப்போது சுலபமாகத் திறக்கிறது. பிறகு அலுவலகத்துக்குப் போகாமல் சேப்பலின் பின்பக்கம் நடந்தேன். நீ கேட்டாயே, மதில் இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் இடித்துத் தெருவுக்கு வழி விட்டிருக்கிறார்கள். முழங்கால் உறையோடு ஏறி, நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வீடுகள் இன்னும் அஸ்திவாரத்தில்தான் நிற்கின்றன, அங்கிருந்து வயல் முழுவதும் தெரிகிறது. அன்று நடுவில் வாரியோடு நின்றவளைத் தவிர வேறு எதையும் நீ பார்த்திருக்க வழியில்லை. இத்தனை வருடம் நான் இதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

உன் கடிதம் வந்தது. நெஸ்டாவுடையதும் வந்தது. அவளைத் திட்டாதே.

நீ பயப்பட வேண்டாம், என் கோபம் அப்படியே இருக்கிறது. உன் கடிதத்தை வாசித்தபின் கூடியும் இருக்கிறது. என்னுடையதில் பாதியை எடுத்துக்கொண்டாய், இப்போது அதைத் திருப்பிக் கொடுத்து அந்த நல்ல பெயரையும் நீயே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாய். விட்டுக்கொடுப்பதிலுமா நீ முதலில் வர வேண்டும்? அதற்கு நான் விட மாட்டேன்.

இன்று மாலை இட்வல் மறுபடி என்னைக் கேட்பார். டிசம்பரில் அவர் மாற்ற முடியாதா என்று கேட்டபோதே எனக்குப் பதில் தெரியும். அது சட்டமல்ல, மன்றம் தானாகப் போட்டுக்கொண்ட தீர்மானம். கைகளைத் தூக்கினால் அன்றைக்கே போய்விடும். தெரிந்துதான் பதிவேட்டில் இருக்கிறது என்றேன். மார்ச்சிலும் தெரிந்துதான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இன்று சொல்லப் போகிறேன், அவர்கள் முகத்தைப் பார்த்து, எல்லாவற்றையும். ஆல்வென் என் கையைத் தட்டிக்கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்ளட்டும்.

உன் பெயரையே வைப்பார்கள். நீ தகுதி பெறுமுன் வைப்பார்கள், நான் அதைப் பார்த்துக்கொள்கிறேன். ட்ரெவோர் பலகையை மதிலில் ஆணியடித்ததும் ஒரு படம் எடுப்பேன். இனி தினமும் காலையில் அந்தப் பெயரைக் கடந்து நான் வேலைக்கு நடக்க வேண்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிய வேண்டும். அதற்கு நீ இருந்தாக வேண்டும், ஐர்லிஸ். இல்லாதவள் மேல் எப்படிப் பொறாமைப்படுவேன்?

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டவில்லை. மடித்துக் கைப்பையில், புது பாஸ்போர்ட்டுக்குள் வைக்கிறேன். படத்தையும் இதையும் உன் சமையலறைக் கதவைத் தட்டி நானே கொடுப்பேன். நீ மணியை ஆட்டு. எல்வியோ வேண்டாம், நான் ஓடி வருகிறேன், முழங்கால் விடுமட்டும்.

கழிப்பறைச் சாவியைப் பலகை அடித்த அன்றே ட்ரெவோரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். "ஏன், நீங்க எங்க போறீங்க?" என்று கேட்பான். இன்னும் அவனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மென்னா